நெல்லுக்கு உமியே காவல்: ஜே.சி. குமரப்பா

மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கையும், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் படித்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். 1934-ல் உருவான அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார்.

அங்கு அவர் விடாமல் பேசிய பொருள்களில் ஒன்று அரிசி. பச்சரிசியை ஆலையில் வெள்ளையாகத் தீட்டும்போது, தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடுகிறது. இந்தச் சத்துக் குறைந்தால் பெரிபெரி நோய் வரும். ஆனால், தவிடு நீங்காத அரிசியை மூட்டையில் நெடுநாள் வைக்க முடியாது. தவிட்டு எண்ணெய் காறல் வாடை அடிக்கும். வண்டும் சீக்கிரம் விழும். அதனால் வியாபாரிக்குத் தீட்டிய அரிசியே வசதி.

கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார் குமரப்பா. நெல்லாகவே சேமித்து, வேண்டும்போது ஊரிலேயே குத்திக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. உமி மூடிய நெல்லில் அரிசி வண்டு எளிதில் புகாது. குத்துகூலி ஊர்ப் பெண்களுக்கும், தவிடு மாட்டுக்கும் கிடைக்கும்.

1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில், அவர் காலமானார்.

சாப்பாட்டுக்கு நெல் இருப்பு வைப்போர் ஈரப்பதம் 12 சதவீதம் வரும்வரை காயவைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் உமியையும் மீறி அந்துப்பூச்சி தாக்கும்.