அரசாங்க சபையில் ஒலித்த மட்டக்களப்புக் குரல்: அமரர் வி. நல்லையா

இவ்வாண்டு மலரில் நமது பிரதேசத்துக்குத் தொண்டாற்றிய பெரியார் ஒருவரை நினைவுகூர விழைகின்றோம். வந்தாறுமூலைக்குச் சென்றுவரும் நம் பிள்ளைகள் நல்லையா மண்டபத்தை அறிவர். அந்த நல்லையா யார் என்பதை இன்று அறிந்தோர் சிலரே.

1909 ஆம் ஆண்டு பிறந்த அன்னார் ஆசிரியத் தொழில் புரிந்தவர். 1943 இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஓராண்டு செல்லுமுன்னரே பெரும் பொறுப்பொன்று அவர் தோள்மீது விழுந்தது. ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சிங்களம் அரசகரும மொழியாதல் வேண்டும் என ஜே. ஆர். ஜயவர்தனா கொண்டுவந்த பிரேரணை 1944 மே மாதத்தில் விவாதத்துக்கு வந்தது. தமிழையும் சேர்த்தல் வேண்டும் எனத் திருத்தம் முன்மொழிந்தவர் நல்லையா அவர்களே. ஜயவர்தனா அதனை ஏற்றார். பண்டாரநாயக்காவும் இரு மொழிகளையும் ஆதரித்தார். திருத்தப்பட்ட பிரேரணைக்கு 27 வாக்குகள் கிடைத்தன. எதிர்த்தோர் இருவர் மட்டுமே.

அந்தத் தீர்மானம் நிலைத்திருந்தால் எத்தனை துயரங்கள் நேராதிருக்கும்! 1956 இல் அதே பண்டாரநாயக்காவின் அரசாங்கமே தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. சிங்களத் தேர்ச்சி இல்லையேல் சம்பள உயர்ச்சி இல்லை எனச் சுற்றுநிருபங்கள் வந்த காலத்தை, எழுதுவினைஞராயிருந்த எம் போன்றோர் எளிதில் மறக்கமாட்டோம். தமிழும் அரசகரும மொழி என அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் அதே ஜயவர்தனா!

1947 முதல் 1956 வரை கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும், இடையில் அமைச்சராகவும் நல்லையா அவர்கள் விளங்கினார். ஐக்கிய தேசியக் கட்சியில் அவர் இருந்ததைக் குறைகூறியோர் உண்டு. அது குறித்து வாதிட யாம் முற்படவில்லை. எனினும் பதவியைக் கொண்டு அவர் ஊருக்குச் செய்தவற்றை எவரும் மறுக்கமுடியாது.

அவற்றுள் தலையாயது வந்தாறுமூலை மத்திய கல்லூரி. 1945 இல் இலவசக் கல்வி வந்ததாயினும், நல்ல கல்லூரிகள் பட்டினத்திலேயே இருந்தன. வயலும் வாவியுமே சீவனோபாயமான எழுவான்கரைக் கிராமங்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் எங்கே செல்வது? அவர்களுக்காகவே விடுதியுடன் கூடிய மத்திய கல்லூரி நமது அயற்கிராமத்தில் எழுந்தது. அதில் பயின்று ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் உயர்ந்தோர் பலர்.

அன்னார் 1976 இல் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் 1981 இல் அக்கல்லூரி வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 இன் கொடிய நாட்களில் சுற்றுக்கிராம மக்கள் உயிர்காக்க ஓடிச்சென்று தங்கியதும் அங்கேதான். அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவேயில்லை.

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் நல்லையா மண்டபத்தில் நடந்து வந்துள்ளன. நம் ஊர்ப் பிள்ளைகளும் அம்மேடையில் பட்டம் பெற்றிருக்கின்றனர்.