சாலை போட்ட சுல்தான் ஷேர்ஷா சூரி

ஓர் ஊருக்குச் சாலை வந்தால் அதன் வழியே வியாபாரி வருவார், கடிதம் வரும், ஆசிரியர் வருவார். சாலை இல்லாத ஊரில் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைக்காது. படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கும் வழி கிடைக்காது. ஐந்தே ஆண்டுகள் டெல்லியை ஆண்ட ஷேர்ஷா சூரியை நாம் இன்றும் நினைவுகூர முக்கியக் காரணம், அவர் வென்ற போர்கள் அல்ல. அவர் போட்ட சாலைகள்தாம்.

ஷேர்ஷாவின் இயற்பெயர் ஃபரீத். ஆப்கானியரின் சூர் குலத்தைச் சேர்ந்தவர். தந்தை ஹஸன் கான், இன்றைய பீகாரில் உள்ள சஸாராம் பகுதியின் ஜாகீர்தார். மாற்றாந்தாயின் செல்வாக்கால் வீட்டில் உரிய இடம் கிடைக்காத இளைஞர் ஃபரீத், ஜவுன்பூருக்குப் போய்விட்டார். அந்நாளில் அது புகழ்பெற்ற கல்வி நகரம். அங்கே அரபியும் பாரசீகமும் கற்றார். ஸஅதியின் குலிஸ்தான், போஸ்தான் போன்ற நூல்களைப் பயின்றார். வேறு ஊருக்குச் சென்று பெற்ற அந்தக் கல்விதான் அவரது வாழ்க்கையைத் திருப்பியது.

பிறகு தந்தை அவரை அழைத்துத் தன் ஜாகீரின் இரண்டு பர்கானாக்களை நிர்வகிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அங்கே நிலத்தை அளந்து வரி விதித்தார். விவசாயியை வதைக்கும் அதிகாரிகளை அடக்கினார். விவசாயி வாழ்ந்தால்தான் அரசு வாழும் என்ற பாடம் அவருக்கு இங்கேதான் கிடைத்தது. புலியைக் கொன்றதற்காக ஷேர்கான் என்ற பட்டமும் பின்னர் வந்தது.

1539இல் சவுசாவிலும் 1540இல் கன்னோஜிலும் முகலாய மன்னர் ஹுமாயூனைத் தோற்கடித்து, ஷேர்ஷா ஆட்சியைக் கைப்பற்றினார். வங்காளத்தின் சோனார்காவிலிருந்து சிந்து நதி வரை நீண்ட பெருஞ்சாலையைச் சீரமைத்தார். அந்தப் பாதை அவருக்கு முன்பே பழங்காலத்தில் இருந்ததுதான். அதற்கு உயிர் கொடுத்தவர் அவர். ஆக்ராவிலிருந்து புர்ஹான்பூருக்கும், ஆக்ராவிலிருந்து ஜோத்பூர், சித்தூர் பக்கமும், லாகூரிலிருந்து முல்தானுக்கும் சாலைகள் போடப்பட்டன. படைகள் விரைந்து செல்வதும் இதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் பயன் படையோடு நின்றுவிடவில்லை.

சாலையின் இருபுறமும் கனி தரும் மரங்கள் நடப்பட்டன. இரண்டு குரோச தூரத்துக்கு ஒன்றாக, மொத்தம் சுமார் 1,700 சராய்கள் எழுந்தன என்கிறது வரலாறு. ஒவ்வொரு சராயிலும் கிணறும் பள்ளிவாசலும் இருந்தன; இமாமும் முஅத்தினும் காவலர்களும் இருந்தார்கள். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனி இடம். இந்துப் பயணிகளுக்கு உணவும் நீரும் தர பிராமணர்கள் அமர்த்தப்பட்டனர். இந்தச் செலவுக்கெல்லாம் சராயை ஒட்டிய நிலத்தின் வருமானமே ஒதுக்கப்பட்டது. செய்தி கொண்டுசெல்ல ஒவ்வொரு சராயிலும் இரண்டு குதிரைகள் தயாராக நின்றன. நாளடைவில் பல சராய்களைச் சுற்றிச் சந்தைகள் கூடின, சந்தைகள் ஊர்களாயின.

சாலை மட்டும் போதாது என்பதும் ஷேர்ஷாவுக்குத் தெரிந்திருந்தது. வழிநெடுகச் சுங்கம் பிடுங்கினால் எந்த வியாபாரி வருவான்? ஆகவே சரக்கு நாட்டுக்குள் நுழையும்போது ஒருமுறை, விற்கும் இடத்தில் ஒருமுறை என்று சுங்கத்தை இரண்டோடு நிறுத்தினார். வழியில் கொள்ளை நடந்தால் அந்தப் பகுதியின் கிராமத் தலைவரே பொறுப்பு. சுமார் 178 கிரெய்ன் எடையுள்ள வெள்ளி ரூபாயையும் வெளியிட்டார். வழியிலே பாதுகாப்பு, கையிலே நம்பகமான நாணயம் என்றானபோது வணிகம் பெருகியது.

1545 மே மாதம், ஹிஜ்ரி 952இல், கலிஞ்சர் கோட்டை முற்றுகையில் வெடிமருந்து வெடித்து ஷேர்ஷா இறந்தார். சஸாராமில் ஏரியின் நடுவே அவரது அடக்கத்தலம் உள்ளது. அவர் வகுத்த நிர்வாக முறைகள் பலவற்றை அக்பர் பின்பற்றினார்.

அவர் வளர்ந்த பீகாரிலேயே இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 2006இல் அம்மாநில அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் தரத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை இதனால் சுமார் 30 சதவீதம் கூடியது என்று ஆய்வு காட்டியது. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களிலேயே பலன் அதிகம். அதே 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிராமங்களில் தார்ச்சாலையும் பேருந்து நிறுத்தமும் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

நம் பெண்பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஜமாஅத்களில் பேசுகிறோம். நல்ல பேச்சுதான். கூடவே, பள்ளிக்குச் செல்லும் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, சாலையில் விளக்கு எரிகிறதா என்றும் கேட்போம். கிடைக்காவிட்டால் மனு கொடுப்போம். ஷேர்ஷாவின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: கல்விக்கும் வருமானத்துக்கும் முதலில் ஒரு பாதை வேண்டும்.