காட்டுக்குள் 3 ஆண்டுகள்: விமானத்துக்காகக் காத்திருந்த ஃபிரெடி சாப்மேன்

கிள்ளான்ல இருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வழியா தஞ்சோங் மாலிம் போற கொமுட்டர்ல ஏறியிருக்கீங்களா? அந்தத் தஞ்சோங் மாலிம் பக்கம்தான் 1942-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மேன் ஜப்பானியரின் ரயில்களுக்குக் குண்டு வைத்தார்.

யார் இவர்?

1907-இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். துருவப் பயணி, மலையேறி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயா காட்டுக்குள்ளேயே மாட்டிக்கிட்டார். மலேரியா வாட்டியது. அடைக்கலம் கொடுத்தது கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்தான்.

விமானம் ஏன் வரல?

தூரம்தான் காரணம். அதனாலதான் 1943-இல் 'ஃபோர்ஸ் 136' ரகசியப் படையினர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்தாங்க.

1944 பிப்ரவரியில் இந்தியாவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 357-வது ஸ்குவாட்ரன் உருவானது. இதன் முக்கிய வேலை குண்டு போடுறது இல்ல. எதிரியின் பகுதிக்குள் ஆட்களையும் ஆயுதங்களையும் பாராசூட்டில் இறக்குறது. அதன் லிபரேட்டர் விமானங்கள் மலாயா வந்து திரும்ப கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும்.

1945 தொடக்கத்தில் காட்டிலிருந்து ரேடியோ தொடர்பு கிடைத்தது. பிப்ரவரியில் வானத்திலிருந்து ஆட்களும் பொருட்களும் இறங்க ஆரம்பிச்சது.

பிறகு?

1945 மே மாதம் சாப்மேன் நீர்மூழ்கியில் இலங்கைக்குத் தப்பினார். ஆகஸ்டில் பாராசூட்டில் குதித்து மறுபடியும் பகாங் வந்தார். 1971-இல் இறந்தார்.

அவருடைய துணிச்சல் நமக்குத் தெரியும். ஆனா காட்டில் உயிர் பிழைக்க துணிச்சல் போதும். திருப்பி அடிக்க, அவ்வளவு தூரம் பறந்து வரும் விமானமும் வேணும்.