மிம்பரில் மாறிய ஒரு வழக்கம்

ஜும்ஆ நாளில் இமாம் இரண்டாவது குத்பாவை முடிக்கும் தறுவாயில், நீதி செலுத்தும்படி அல்லாஹ் ஏவுவதைக் கூறும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை ஓதக் கேட்டிருப்பீர்கள். நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் அரபு அறியாத சிறுவனுக்குக்கூட அதன் ஓசை மனப்பாடம். அது காதில் விழுந்ததுமே தொழுகைக்கு எழத் தயாராகிவிடுகிறோம். இந்த வசனத்தை ஓதுவது குத்பாவின் கட்டாயச் சட்டம் என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் குத்பாவில் ஒரு வசனம் ஓதுவது ருக்னு. ஹனஃபி மத்ஹபில் சுன்னத்து. இன்ன வசனத்தைத்தான் ஓத வேண்டும் என்ற நிபந்தனை இரண்டிலும் இல்லை.

அப்படியானால் இந்த வசனம் அந்த இடத்துக்கு வந்தது எப்படி? முன்பு அதே இடத்தில் வேறொன்று சொல்லப்பட்டு வந்தது. அதை அகற்றிவிட்டு இதை அமைத்தவர்கள் உமையாக் கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்.

அன்னார் மர்வானுடைய பேரர். தந்தை அப்துல் அஜீஸ் எகிப்து நாட்டை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆண்ட கவர்னர். தாயார் உம்மு ஆஸிம், ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகன் ஆஸிமுக்குப் பிறந்தவர். பாலில் தண்ணீர் கலக்க மறுத்த ஏழைப் பெண்ணை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் மகனுக்கு மணமுடித்து வைத்த வரலாறு நம் வீட்டுப் பெண்மணிகள் அறியாததன்று. அந்தப் பெண்ணின் மகள் வயிற்றுப் பேரர்தாம் இவர்கள். ஆனாலும் வளர்ந்தது அரச குடும்பத்தின் பழக்கவழக்கங்களுக்கு நடுவில்தான்.

கல்விக்காக மதீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருநாள் தொழுகைக்குத் தாமதமாக வந்தபோது ஆசிரியர் ஸாலிஹ் இப்னு கைஸான் காரணம் கேட்டார். தலை வாரிவிடும் பணிப்பெண் முடிக்கவில்லை என்று பதில் வந்தது. ஆசிரியர் எகிப்துக்குக் கடிதம் எழுதினார். தந்தை ஆளனுப்பி மகனுடைய தலையை மழிக்கச் செய்தார். தொழுகையில் இத்தனை கண்டிப்புக் காட்டிய அதே குடும்பம் இன்னொரு விஷயத்தில் எவ்வளவு அலட்சியமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

உமையாக்களின் ஆட்சியில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை மிம்பர்களில் ஏசும் வழக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வந்தது. அது யாரால் எப்படித் தொடங்கியது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். நம் கவனத்துக்குரியது அது பரவிய விதம். குத்பா ஓதுபவர் ஏசினார். கேட்டவர்கள் மௌனமாக இருந்தார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். பத்ருப் போர்க்களத்தில் நின்ற ஒரு ஸஹாபியை, நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மருமகரை ஏசுகிறோமே என்ற உறுத்தலே பலருக்கு இல்லாமல் போயிற்று. பகைமையால் ஏசியவர்கள் சிலர்தாம். எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காகச் சொன்னவர்களே மிகுதி.

இளம் உமர் அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது அவர்கள் பெரிதும் மதித்த ஆசிரியர் உபைதுல்லாஹ் இப்னு அப்துல்லாஹ்வின் காதுக்கு எட்டியது. மாணவர் வந்தபோது ஆசிரியர் முகம் கொடுக்கவில்லை. தொழுகையில் நின்று அதை நீட்டிக்கொண்டே போனார். முடித்த பின் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பத்ருவாசிகளைப் பொருந்திக்கொண்ட அல்லாஹ், அதன் பிறகு அவர்கள் மீது கோபம் கொண்டான் என்ற செய்தி உமருக்கு எப்போது கிடைத்தது என்று வினவினார். மாணவர் வெட்கித் தௌபாச் செய்தார்கள். அதன் பிறகு அந்த ஏச்சு அவர்கள் நாவில் வரவில்லை.

இதைவிட ஆழமாக அவர்கள் மனத்தில் பதிந்தது தந்தையின் நிலை. அப்துல் அஜீஸ் சிறந்த பேச்சாளர். ஆனால் குத்பாவில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் பெயர் வரும் இடத்தில் மட்டும் நா தடுமாறுவார். மகன் இதைக் கவனித்துக் காரணம் கேட்டார்கள். அலீயைப் பற்றி நாம் அறிந்தவற்றைச் சுற்றியுள்ள இந்த மக்களும் அறிந்தால், நம்மை விட்டு அவருடைய மக்களிடம் போய்விடுவார்கள் என்று தந்தை ஒப்புக்கொண்டார். தவறென்று தெரிந்தே வாரந்தோறும் அதைச் செய்துகொண்டிருந்தார் அந்தப் பெரிய மனிதர்! நா தடுமாறிற்று, ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை.

மற்றபடி இளமையில் உமர் அவர்கள் ஆடம்பரப் பிரியர்தாம். அவர்கள் பூசிய வாசனைத் திரவியத்தால், போன பாதையே மணக்குமாம். ஒயிலான அவர்களின் நடைக்கு உமரிய்யா நடை என்றே பெயர் ஏற்பட்டு, பணிப்பெண்கள் அதைப் பழகிக்கொண்டார்களாம். உயர்குடியில் ஒருவர் நடந்தால் ஊரே அப்படி நடக்கும் என்பதை இளமையிலேயே கண்டவர்கள் அவர்கள். ஹிஜ்ரி 87இல் (கி.பி. 706) மதீனாவின் கவர்னரானதும், அங்கிருந்த மார்க்க மேதைகள் பத்துப் பேரை அழைத்து, அவர்களைக் கலந்துகொள்ளாமல் எதையும் முடிவு செய்வதில்லை என்று அறிவித்தார்கள்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீபா ஸுலைமான் தாபிக் என்ற இடத்தில் மரணமானார். அறிஞர் ரஜா இப்னு ஹைவாவின் ஆலோசனைப்படி அவர் எழுதி முத்திரையிட்டிருந்த மரண சாசனத்தைத் திறந்தபோது உமர் அவர்களின் பெயர் இருந்தது. அரச வாகனங்கள் முன்னால் கொண்டுவரப்பட்டன. அவற்றை விலக்கிவிட்டுத் தம் பழைய வாகனத்தையே கேட்டார்கள். தமக்காக மக்கள் எழுந்து நிற்பதைத் தடுத்தார்கள். காவலர்கள் தமக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டியதில்லை, தாமே சொல்வது கடமை என்றார்கள். உமையாக் குடும்பத்தினர் அனுபவித்துவந்த நில சாசனங்களை முஸாஹிம் ஒவ்வொன்றாக வாசிக்க, அவற்றை வாங்கிக் கத்தரிக்கோலால் நறுக்கினார்கள். முதலில் நறுக்கப்பட்டவை அவர்களுடைய சொந்தச் சாசனங்கள். லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை இது நடந்ததாம்!

உறவினர் கொதித்தனர். அத்தையார் ஃபாத்திமா பின்த் மர்வானைத் தூது அனுப்பினர். அம்மையார் பேசிப் பார்த்தும் பலனில்லாமல் திரும்பி, உமருடைய வம்சத்தில் பெண் எடுத்தது நீங்கள்தானே, இப்போது அனுபவியுங்கள் என்று அவர்களையே கடிந்துகொண்டார்.

மிம்பரின் வழக்கத்தை மாற்றியது இந்தக் காலத்தில்தான். ஏச்சை நிறுத்தும்படி மாகாணங்களுக்கெல்லாம் கட்டளை போயிற்று. வெறுமனே நிறுத்தியிருந்தால் அந்த இடம் காலியாக இருந்திருக்கும்; கேட்டுப் பழகிய காதுகள் எதையோ எதிர்பார்த்திருக்கும்; பழையது என்றாவது திரும்பி வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் நீதியை ஏவும் திருவசனத்தை ஓதச் செய்தார்கள். ஆயினும் எளிதில் நடந்துவிடவில்லை. ஹர்ரான் நகரத்து மக்கள், அந்த ஏச்சு இல்லாவிட்டால் தொழுகையே இல்லை என்று கூறி மறுத்ததாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதுகிறார். பார்த்தீர்களா! அரசியலுக்காகப் புகுத்தப்பட்ட ஒன்று இரண்டு தலைமுறைக்குள் தொழுகையின் நிபந்தனையாகிவிட்டது.

அன்னாரின் மகன் அப்துல் மலிக், பத்தொன்பது வயதளவில் இறந்துபோன ஸாலிஹான வாலிபர். தந்தை இன்னும் வேகமாகச் செயல்படவில்லையே என்று அவருக்கு வருத்தம். அல்லாஹ் மதுவைத் திருமறையில் இரண்டு முறை குறை கூறிய பின் மூன்றாம் முறைதான் ஹராமாக்கினான் என்று தந்தை எடுத்துக்காட்டினார்கள். சத்தியத்தை ஒரேயடியாக மக்கள் மீது சுமத்தினால் ஒரேயடியாக அதை உதறிவிடுவார்கள் என்று அஞ்சுவதாகவும் விளக்கினார்கள். வழக்கம் என்ற மரத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பது மகனைவிடத் தந்தைக்குத் தெரிந்திருந்தது.

பலன் இல்லாமல் போகவில்லை. இமாம் தபரீ தம் வரலாற்றில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கலீபா வலீத் கட்டிடப் பிரியர். அவர் காலத்தில் இருவர் சந்தித்தால் கட்டிடங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஸுலைமான் விருந்திலும் திருமணத்திலும் நாட்டமுள்ளவர்; அவர் காலத்தில் பேச்சு பெண்களைப் பற்றியதாயிற்று. உமர் அவர்களின் காலத்திலோ, இன்றிரவு உம்முடைய விர்து என்ன, குர்ஆனில் எவ்வளவு மனனம் செய்தீர், எப்போது கத்தம் செய்வீர், இம்மாதம் எத்தனை நோன்பு என்று விசாரித்துக்கொண்டார்களாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே மக்கள்தாம்! தஹஜ்ஜுத் தொழுவதற்கு யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை.

இந்த ஆட்சி இரண்டரை ஆண்டுகூட நிறைவு பெறவில்லை. ஹிஜ்ரி 101 ரஜப் மாதத்தில் (கி.பி. 720) சிரியாவிலுள்ள தைர் ஸம்ஆனில் நோயுற்றுக் கிடந்தார்கள். பார்க்க வந்த மைத்துனர் மஸ்லமா அழுக்கேறிய சட்டையைக் கண்டு, துவைத்துப் போடக்கூடாதா என்று தம் சகோதரியைக் கேட்டார். கலீபாவுக்கு வேறு சட்டை இல்லை என்று பதில் வந்தது. நாற்பது வயதையொட்டி அன்னார் வபாத்தானார்கள். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

துணைவியார் ஃபாத்திமா, அப்துல் மலிக் என்ற கலீபாவின் மகள். தந்தை கொடுத்த விலையுயர்ந்த நகைகளைக் கணவரின் சொற்படி பைத்துல்மாலில் சேர்த்திருந்தார். அடுத்துக் கலீபாவான அவருடைய சகோதரர் யஸீத் அவற்றைத் திருப்பித் தர முன்வந்தார். கணவர் உயிரோடிருந்தபோது மனமுவந்து கொடுத்ததை அவர் மறைந்த பின் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார். யஸீத் அந்த நகைகளைத் தம் வீட்டுப் பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.