வனம் காக்க அறிவியலைத் துணை கொண்ட ஜானகி அம்மாள்

புது தில்லி: கேரள மாநிலம், பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கு 1984 நவம்பர் 15-ம் தேதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப்படவிருந்த அந்தப் பழமையான மழைக்காட்டுக்கு அன்றுதான் முழுமையான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அக்காட்டைக் காக்கத் தமது முதிய வயதில் களமிறங்கிய தாவரவியல் விஞ்ஞானி இ.கே. ஜானகி அம்மாள் அந்த நாளைக் காண உயிருடன் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 7-ம் தேதி, சென்னையை அடுத்த மதுரவாயலில், 86-வது வயதில் அவர் காலமாகியிருந்தார்.

தலச்சேரியிலிருந்து மிச்சிகன் வரை: 1897 நவம்பர் 4-ம் தேதி தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். தந்தை கிருஷ்ணன் சென்னை மாகாணத்தில் சார்பு நீதிபதியாகப் பணியாற்றியவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இந்தியப் பெண் ஒருவருக்கு இது அரிதினும் அரிது.

1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார். கரும்பையும் அதன் உறவுப் புல்லினங்களையும் ஒட்டி ஆராய்ந்து, அவற்றின் செல்களில் உள்ள குரோமோசோம்களைக் கணக்கிட்டார். கோவையில் உருவான புகழ்பெற்ற கரும்பு ரகங்களின் தாங்கும் திறனுக்கு மூலம், யாரும் பொருட்படுத்தாத காட்டுக் கரும்பு. வயலில் விளையும் பயிருக்கு வலிமை தருவது காட்டில் வளரும் அதன் உறவினமே என்ற உண்மையை அவரது பணி நேரடியாக உணர்த்தியது.

1940-ல் இங்கிலாந்து சென்ற அவர், போர்க்காலக் குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஆய்வைத் தொடர்ந்தார். சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945-ல் வெளிவந்தது. பிறகு விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் மேக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அம்மரத்தின் ஒரு ரகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேருவின் அழைப்பு: பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் தாயகம் திரும்பினார். 1890-ல் ஆங்கிலேயர் நிறுவிய இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு சிறப்பு அதிகாரி என்ற முறையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1954-ல் அத்துறை புத்துருப் பெற்றது. தாவரங்களைச் சேகரித்துப் பெயரிடுவதோடு நில்லாமல், பழங்குடி மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் முறைகளையும் பதிவு செய்ய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குச் சென்ற பிறகும், அலாகாபாதில் இருந்த மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்தினார்.

உணவு உற்பத்தியைப் பெருக்கக் காடுகள் திருத்தப்பட்ட காலம் அது. ஷில்லாங்கிலிருந்து சுமார் 60 கி.மீ. பயணம் செய்து அரிய மேக்னோலியா மரம் ஒன்றைத் தேடிச் சென்றார் ஜானகி. அப்பகுதியில் அந்த இனத்தில் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவர் சென்று சேர்ந்தபோது அம்மரம் எரிக்கப்பட்டிருந்தது. ஈரம் மிகுந்த வடகிழக்கு இமயத்தில் புதிய தாவர இனங்கள் தோன்றும் வேகம், வறண்ட வடமேற்கைவிட அதிகம் என்று ஆய்வால் கண்டவர் அவர். அத்தகைய இடத்தில் ஒரு மரம் அழிவது எத்தகைய இழப்பு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அணையா, காடா?: குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டத்துக்கு 1973-ல் திட்டக் குழு ஒப்புதல் அளித்தது. சுமார் 830 ஹெக்டேர் நீரில் மூழ்கும் நிலை. சிங்கவால் குரங்கின் உறைவிடமான அக்காட்டைக் காக்க கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோரும் போராடினர். மின்சாரமும் வேலைவாய்ப்பும் வேண்டும் என்ற மறுதரப்பின் வாதமும் வலுவாக இருந்தது.

1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு விஞ்ஞானியாகச் சேர்ந்து, மதுரவாயல் கள ஆய்வகத்தில் பணிபுரிந்து வந்த ஜானகி, இப்போராட்டத்தில் தம்மை இணைத்துக் கொண்டார். நீரில் மூழ்கவிருந்த காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவு செய்யத் துணிந்தார். அப்போது அவருக்கு வயது 80-ஐ நெருங்கியோ கடந்தோ இருந்தது. காடு மூழ்கினால் எவை அழியும் என்பதை உணர்ச்சியால் அல்லாமல் ஆதாரத்தால் நிறுவுவதே நோக்கம்.

முடிவை அவரது ஆய்வு மட்டுமே தீர்மானிக்கவில்லை. திட்டத்தைக் கைவிடலாம் என 1979-ல் எம்.எஸ். சுவாமிநாதன் பரிந்துரைத்தார். மத்திய அரசின் அனுமதியின்றி வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை விதிக்கும் வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-ல் பிரதமர் இந்திரா காந்தியின் ஆட்சியில் நிறைவேறியது. அதே ஆண்டு இறுதியில் கேரள அரசு தேசியப் பூங்காவை அறிவித்தது. ஆனால் அணைக்கான பகுதி அதில் விலக்கப்பட்டது. எம்.ஜி.கே. மேனன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு, விலக்கப்பட்ட பகுதியும் பூங்காவுக்குள் வந்தது. பூங்காவின் பரப்பு சுமார் 90 சதுர கி.மீ.

தொடரும் கேள்வி: சில கி.மீ. கீழே பாத்திரக்கடவில் மீண்டும் ஓர் அணைத் திட்டம் எழுந்தபோது, அதே வாதங்கள் திரும்பின. 2007-ல் பூங்காவைச் சுற்றிச் சுமார் 148 சதுர கி.மீ. பாதுகாப்பு வளையமாக்கப்பட்டது. 1980-ம் ஆண்டுச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டதை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. அகராதிப் பொருளில் காடு எனப்படும் அனைத்தையும் காடாகவே கருத வேண்டும் என்ற 1996-ம் ஆண்டு உத்தரவைப் பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

அழிக்கப்படும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நட்டால் போதும் என்ற கணக்கு இன்றும் அரசுக் கோப்புகளில் தொடர்கிறது. நட்ட மரங்களை எண்ணிவிடலாம். பல்லாயிரம் ஆண்டுகளில் ஒரு காடு தன்னுள் சேர்த்த மரபுச் செல்வத்தை நட்டு வளர்க்க இயலாது. 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஜானகி அம்மாளின் பெயரில், வகைப்பாட்டியல் ஆய்வுக்கான தேசிய விருது ஒன்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-ல் ஏற்படுத்தியது. அவர் கணக்கெடுக்கத் துணிந்த மரங்கள் குந்திப்புழாக் கரையில் இன்றும் நிற்கின்றன.