ஞானக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார்

திருநெல்வேலிச் சீமையில் 1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர் வேதநாயகம். தந்தையார் தேவசகாயம், சைவ மரபிலிருந்து கிறிஸ்து சமயம் தழுவியவர். அன்னையாரோ மகனின் இளமையிலேயே மறைந்தார். நெல்லைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சு, பன்னிரண்டு வயதளவினனாய் இருந்த அச்சிறுவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று மகனைப்போல் வளர்த்தார். பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அப்பாதிரியாரின் அரவணைப்பில் கல்வி பயின்றவரே. அங்கு அரும்பிய நட்பு இறுதிவரை வாடவில்லை.

பத்தொன்பதாம் வயதில் வேதநாயகம் தஞ்சைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் ஆனார். அப்பணியின் சுமையை அறிந்தோர் இதனைக் கேட்டு வியவாதிரார்!

அந்நாளில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் பெரும்பாலும் பாடியவை, ஜெர்மானியப் பாடல்களை மொழிபெயர்த்து, அவற்றின் மேனாட்டு மெட்டிலேயே அமைத்தவை. சொல் தமிழாயினும் ஓசை அயலது. வயலில் நாற்று நடும்போதும், குழந்தையைத் தாலாட்டும்போதும், திருவிழாவிலும் வேறு இசையில் திளைத்த மக்களின் நெஞ்சம் அதில் எவ்வாறு எளிதில் உருகும்? இக்குறையை வேதநாயகர் நன்குணர்ந்தார். கருநாடக இராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். கும்மி, நொண்டி நாடகம், குறவஞ்சி ஆகிய மக்கள் வடிவங்களையும் இறைவழிபாட்டின் ஏவலுக்குக் கொணர்ந்தார். எழுத்தறியா மூதாட்டியும் கேட்ட அளவிலேயே மனத்திற்கொண்டு, வீட்டு வேலையின் நடுவே பாடி இறைவனை நினைக்க இவை உதவின. மூடப்பழக்கங்களைக் கண்டிக்கவும் அவர் கும்மியையே கையாண்டார். சாஸ்திரக் கும்மி அவ்வாறு எழுந்த நூலாகும்.

அவர் படைப்புகளுள் தலையாயது பெத்லகேம் குறவஞ்சி. பவனி வரும் தலைவனைக் கண்டு தலைவி காதலுறுவதும், குறத்தி வந்து குறி சொல்வதும் குறவஞ்சியின் மரபு. இங்குத் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை. சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்னும் வானநூற் செய்தியையும் அப்பாட்டினுள் அவர் வைத்துள்ளார்.

சரபோஜி மன்னர் தஞ்சைப் பெருவுடையார்மீது ஒரு குறவஞ்சி பாடுமாறு தம் நண்பரை வேண்டினார் என்றும், தாம் வழிபடும் இறைவனையன்றிப் பிறரைப் பாடுவதற்கில்லை எனக் கவிஞர் பணிவோடு மறுத்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். மன்னரின் அன்பு அதனாற் குறையவில்லை.

இடர் வேறு திசையிலிருந்து வந்தது. புதிதாக வந்த பாதிரிமார் சிலர் தமிழ்க் கீர்த்தனைகளை ஆலய வழிபாட்டில் ஏற்க மறுத்தனர். சபையில் சாதி வேற்றுமை கூடாது எனவும் கட்டளையிட்டனர். வேதநாயகர் இரண்டனையும் எதிர்த்தார். பாடலைப் பொறுத்தவரை நீதி அவர் பக்கம் இருந்தது. சாதியைப் பொறுத்தவரை இல்லை. இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. 1829ஆம் ஆண்டு அவர் தம் பணியை இழந்தார். கைகொடுத்தவர் பழைய நண்பரான சரபோஜியே. மன்னர் அளித்த ஆதரவால் கவிஞரின் குடும்பம் தழைத்தது. 1832ஆம் ஆண்டு மன்னர் மறைந்தபின் வறுமையும் அவரைத் தொட்டது. ஆயினும் பாடுவதை அவர் நிறுத்தவில்லை.

1864ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், தஞ்சையில் அவர் உயிர் நீத்தார். அன்று தடுக்கப்பட்ட கீர்த்தனைகள் இன்று தமிழ்த் திருச்சபைகளின் பாட்டுநூல்களில் இடம்பெற்றுள்ளன. கடல் கடந்து நம் மலேசிய நாட்டுத் தமிழ் ஆலயங்களிலும் அவை ஒலிக்கின்றன. பாடுவோருட் பலர் ஆசிரியர் பெயரை அறியாமலே பாடுகின்றனர்.