கப்பல் ஓட்டிய வக்கீல்

நம்ம ஆம்பூர் ஷூ கப்பலேறிப் போகுது. கப்பல் யாருடையதுன்னு கேட்டிருக்கோமா? வ.உ.சி. கேட்டார். 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் அவர். 1906-ல் பங்கு 25 ரூபாய் என்று பணம் திரட்டி சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்தது; கடைசியில் பயணம் இலவசம், கையில் ஒரு குடை வேற! 1908-ல் அவரைக் கைது செய்தார்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912-ல் வெளியே வந்தால் கம்பெனியே இல்லை, 1911-லேயே கலைச்சாச்சு. வக்கீல் சன்னதும் போச்சு. தோல் ஷாப்பு மூடினப்போ எங்கப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான், எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன். அந்த நாட்கள் எனக்குப் புரியுது. சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. 1936-ல் மறைந்த வ.உ.சி., அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்திருந்தார்.